கடலைக் கிணற்றுக்கு வரவழைத்த பஞ்சாட்சரம்

ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில் பனஞ்சேரி என்றொரு ஊர். உலக விஞ்ஞான வரலாற்றில் இந்த ஊரின் பெயர் இதுவரை இடம்பெறவில்லை. அதற்கு வெட்கப்பட வேண்டியது விஞ்ஞானம்தானே தவிர, பனஞ்சேரி அல்ல. பசிபிக் பெருங்கடலின் அடியில் நடக்கும் ஒரு காரியத்துக்காக, தோல் பதனிடும் ஒரு டேனரியின் மேனேஜரும், ஒரு சர்க்கார் அதிகாரியும், ஊர் ஜனம் மொத்தமும் ஒரே கிணற்றைச் சுற்றி நின்று வாதாடிய இடம் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. நடந்தது 1983 கோடையில். நடுவில் நின்றவர் பஞ்சாட்சரம்.

பஞ்சாட்சரத்தின் தொழில், டேனரியில் ஈரத்தோலைப் பிழிவது. சொட்டச் சொட்ட வரும் தோலை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தண்ணீரை எடுக்கும் மிஷின் அவர் பொறுப்பில் இருந்தது. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. காரணம் ஜாதகம் அல்ல, ஆர்வம். 1980-இல் சூரிய கிரகணம் வந்த மாதத்தில் குடியாத்தத்துக்குப் பெண் பார்க்கப் போனவர், பெண் காப்பி கொண்டுவந்து நின்றபோதும் நிமிராமல், தாம்பாளத்திலிருந்த தேங்காயையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துப் பெண்ணின் அப்பாவுக்குக் கிரகணத்தை விளக்கிக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் கிரகணத்தைப் புரிந்துகொண்டார்கள். மாப்பிள்ளையையும் புரிந்துகொண்டார்கள்.

அதற்கு முந்தின வருஷம், ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்கலம் உடைந்து எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்று ரேடியோ சொன்னபோது, எருமைத்தோலைவிடக் கெட்டியான கூரை பூமியில் கிடையாது என்று பிரசாரம் செய்து, கூட வேலை செய்தவர்களைப் பகல் முழுக்கப் பச்சைத்தோலுக்கு அடியில் உட்காரவைத்தார். ஸ்கைலாப் ஆஸ்திரேலியாவில் விழுந்தது. உட்கார்ந்தவர்களை அவரவர் வீட்டில் சில நாள் உள்ளே சேர்க்கவில்லை.

பஞ்சாட்சரம் குடியிருந்தது அக்கா ஜெயம்மாள் வீட்டில். கணவரை இழந்த ஜெயம்மாளுக்குக் கொஞ்சம் நிலம், வரிசையாகத் தென்னை, ஒரு கிணறு. கிணறு சில வருஷங்களாக உப்புக் கரித்தது. தென்னையின் குருத்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. வேலியை ஒட்டி ஓடியது டேனரியின் கழிவு வாய்க்கால். ஊரார் சர்க்காருக்கு மனுப் போட்டிருந்தார்கள். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். குற்றம் டேனரியுடையது என்று முடிவு செய்தால் வாய்க்காலுக்கு சிமெண்டு பூசவேண்டும், ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடவேண்டும். குற்றம் யாருடையதும் அல்ல, எல்லாம் இயற்கை என்று முடிவு செய்தால், ஜெயம்மாள் கிணற்றை மறந்துவிட்டுக் கூலிக்குப் போகவேண்டியதுதான்.

இந்த நிலைமையில்தான் பஞ்சாட்சரம் நூலகத்துக்குப் போனார்.

ஆம்பூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் பூகோளம் நடத்தும் அக்தர் பானு டீச்சர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நூலகத்தில் பேசினார். தலைப்பு, ‘கடலுக்கு அடியில் கடல்’. கூட்டம் அலைமோதியது என்று எழுத ஆசைதான். மின்விசிறிக்காக வந்தவர்களைக் கழித்துப் பார்த்தால், வந்தது பஞ்சாட்சரம் ஒருவரே.

டீச்சர் இரண்டு சப்பாத்திகளை மேஜைமேல் வைத்து, ஒன்றை மற்றொன்றின் அடியில் மெல்லத் தள்ளினார்.

“கடலோட தரை இருக்கே, அது பாறை. சும்மா கிடக்கறதில்லை, நகருது. நம்ம நகம் வளருற வேகத்துல நகருது. பசிபிக் கடல்ல சில இடத்துல இப்படி இன்னொரு பாறைக்கு அடியில நுழைஞ்சு, பூமிக்குள்ள இறங்கிடுது. கடல்ல ஊறின பாறை இல்லையா? தண்ணியையும் கூடவே கொண்டுபோகுது.”

“எதுல டீச்சர் கொண்டுபோவுது?” என்றார் பஞ்சாட்சரம், பாதி எழுந்து.

“எதுலயும் இல்லைங்க. கல்லோட உடம்புலயே. உடைச்சுப் பார்த்தா ஈரம் இருக்காது, சொட்டாது. ஆனா உள்ளே தண்ணி இருக்கும். கீழே கவசம்னு ஒரு பகுதி இருக்கு. அங்கே இருக்கிற சூட்டுல, அழுத்தத்துல…”

பஞ்சாட்சரம் முழுவதும் எழுந்துவிட்டார்.

“டீச்சர்! தோலு மாதிரியா? நானு மிஷின்ல உட்டு நசுக்குனா ஒரு சொட்டு வராது. காஞ்சிடுச்சின்னு நெனப்போம். வெயில்ல போட்டா பாதி எடை போயிடும். அத்தினி தண்ணியும் உள்ளதான் இருந்துச்சி!”

“அரே, ரொம்ப நல்ல உதாரணம்!” என்றார் டீச்சர், மனதார. “அதேதான். தோல் மாதிரிதான்.”

பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்தப் பாராட்டு. படித்த ஒருவர் தன் உதாரணத்தை ஒப்புக்கொண்டபின் உட்கார்ந்து மீதியைக் கேட்கும் பொறுமை பஞ்சாட்சரத்துக்கு எப்படி வரும்? அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே பாய்ந்தார். கீழே போன தண்ணீர் எப்படித் திரும்பி வருகிறது, எவ்வளவு காலம் ஆகிறது என்ற இரண்டாம் பாதியை அக்தர் பானு டீச்சர் மின்விசிறிக்காக வந்தவர்களிடம் சொல்லி முடித்தார்.

இரண்டாம் பாதி இல்லாத குறையைப் பஞ்சாட்சரம் வழியிலேயே தீர்த்துக்கொண்டார். பூமி ஒரு தோல். டேனரிக்கு வரும் தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவி வரும். தொட்டியில் ஊறப்போட்டால் முதலில் என்ன வெளியேறும்? உப்பு. பூமி என்ற தோல் ஊறுவது எதில்? கடலில். ஆகவே உப்பு எங்கே வெளியேறும்? சைக்கிள் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பதில் கிடைத்துவிட்டது. அக்காவின் கிணற்றில்!

தோலோடு புழங்கிய மனிதர் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தவறு இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

“அக்கா! நம்ம கெணத்துல இருக்கறது இன்னா தெரியுமா? கடலு!”

ஜெயம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தார். “கடலு பட்ணத்துல இல்ல இருக்குது? அது இன்னாத்துக்குடா என் கெணத்தைத் தேடிக்கினு வருது?”

“பூமிக்குள்ள பூந்து வருதுக்கா. டீச்சரே சொல்ட்டாங்க, தோலு மாதிரின்னு.”

“அப்ப அந்த வாய்க்காலு?”

“அது வேற, இது வேற. வாய்க்காலு சின்ன விஷயம். இது பசிபிக்கு!”

“பசிபிக்காம். நாலு மொழம் தள்ளி நாத்தம் புடிச்ச வாய்க்காலு ஓடுது, அது இவன் கண்ணுக்குத் தெரியல. பூமிக்கு அடியில ஓடுறது தெரியுது. கைய கழுவிக்கினு வந்து சோறு துன்னுடா.”

மறுநாள் டேனரி முழுக்கச் செய்தி பரவிற்று. பரப்பியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. மத்தியானத்துக்குள் அது மேனேஜர் சீனிவாசனின் காதுக்குப் போனது. அதுவரை சீனிவாசன் விஞ்ஞானத்தில் அக்கறை காட்டியதாகத் தகவல் இல்லை. அன்று காட்டினார்.

“யோவ் பஞ்சாட்சரம், கெணத்து உப்பு கடல்லேர்ந்து வருதுன்னு சொன்னியாமே?”

“ஆமா சார். கடலு கீழ எறங்குது சார், பாறையோட பாறையா…”

“அப்ப நம்ம டேனரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல?”

“பசிபிக்கு முன்னால நம்ம டேனரி இன்னா சார்!”

இதைவிட அழகான வாக்கியத்தைச் சீனிவாசன் தன் உத்தியோக வாழ்க்கையில் கேட்டதில்லை. அவர் பஞ்சாட்சரத்தின் தோளில் கை வைத்தார். சாயங்காலத்துக்குள் பிழியும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி வந்து சேர்ந்தது.

டேனரியில் நாற்காலி என்பது சாதாரண சாமான் அல்ல. மேனேஜருக்கு ஒன்று, கணக்கு எழுதுகிறவருக்கு ஒன்று, வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருகிறவர்களுக்குத் துணி போர்த்திய சில. தோலைத் தொடுகிற கை எதுவும் அதுவரை நாற்காலியைத் தொட்டதில்லை. பஞ்சாட்சரம் முதல் நாள் நுனியில் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் சாய்ந்தார். அதன்பின் கால்மேல் கால் போட்டு, தோல் சுமந்து வந்தவர்களை நிறுத்தி வைத்துக் கடலின் பயணத்தை எடுத்துச் சொன்னார். வேலை தாமதமானது. மேனேஜர் கண்டுகொள்ளவில்லை. விஞ்ஞானத்தை வளர்க்க ஒரு கம்பெனி சில நஷ்டங்களைத் தாங்கத்தான் வேண்டும்.

பிறகு சீனிவாசன் விஷயத்துக்கு வந்தார்.

“வர்ற புதன்கெழம அதிகாரி வர்றாரு. உங்கக்கா கெணத்துக்கே வர்றாரு. நீதான் பேசப்போற. இந்தக் கடலு சமாசாரத்த அப்படியே சொல்லு, போதும்.”

ஊரில் இது தெரிந்ததும் டீக்கடையில் பஞ்சாட்சரத்துக்கு நடந்த உபசாரத்தை இங்கே அச்சிட முடியாது. “வாய்யா, பசிபிக்கு! உங்கக்கா கெணத்துல கப்பல் எப்ப வருது?” என்றது மட்டும் அச்சுக்குத் தகுந்தது. வீட்டில் ஜெயம்மாள் சண்டை போடவில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏண்டா, நாற்காலியில குந்தவெச்சதுக்கு என் கெணத்த குடுத்துட்டியா?”

பஞ்சாட்சரம் சோற்றைப் பிசைந்தபடி கணக்குப் போட்டார். தான் சொல்வது உண்மை என்றால் அக்கா கிணற்றை இழப்பார். பொய் என்றால் பசிபிக்கை இவர் இழப்பார். இந்த இக்கட்டில் பெரிய மனிதர்கள் செய்வதையே அவரும் செய்தார். இன்னும் கொஞ்சம் ஆதாரம் தேடி டீச்சர் வீட்டுக்குப் போனார்.

அக்தர் பானு டீச்சர் வாசலிலேயே சிரித்தார். “வாங்க வாங்க. பாதியிலேயே ஓடிட்டீங்களே! மீதியை யாருக்குச் சொல்றதுன்னு தெரியாம நின்னேன்.”

“டீச்சர், ஒரு டவுட்டு. கீழ போன கடலு எங்கக்கா கெணத்துக்கு வர எத்தினி மாசம் ஆவும்?”

 டீச்சர் தம் தங்கை தில்ஷாத்தைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். இது ஒரு வாய்ப் பேச்சில் முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“மாசம் இல்லைங்க. வருஷம்கூட இல்லை. லட்சக்கணக்குல வருஷம் ஆகும், பெரும்பாலும் கோடிக்கணக்குல. கீழே இறங்கின பாறை சூட்டுல வெந்து, தன்கிட்ட இருக்கிற தண்ணியை விடும். அந்தத் தண்ணி பட்ட இடத்துல மேலே இருக்கிற கல்லு உருகும். உருகினது மேல வந்து எரிமலையா வெடிக்கும். ஆவியா வெளியே வந்து, மழையாகி, திரும்பக் கடலுக்கே போகும். ஜப்பான்ல, இந்தோனேசியாவுல, தென்னமெரிக்காவுல நடக்குது. நம்ம ஏலகிரி எரிமலையா?”

“இல்ல டீச்சர்.”

“ஜவ்வாது மலை?”

“இல்ல டீச்சர்.”

“அப்ப எந்த வழியா வரும்?”

பஞ்சாட்சரத்தின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய தத்துவம் அந்த இடத்தில் இறந்தது. ஆனால் துக்கம் விசாரிக்க அவருக்கு நேரமில்லை. கண் அகலமாகிவிட்டது.

“கல்லு உருவுறதுக்கே தண்ணிதான் காரணமா டீச்சர்? தண்ணி பட்டா கல்லு உருவுமா?”

“அந்த ஆழத்துல, அந்தச் சூட்டுல, ஆமா.”

“எல்லாத் தண்ணியும் வந்துடுமா?”

“அதுதாங்க தெரியலை. கொஞ்சம் வராம இன்னும் ஆழத்துக்குப் போயிடுது. அங்கே இன்னொரு கடல் அளவு இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. இன்னும் யாரும் எடுத்துப் பார்க்கலை. எனக்கும் தெரியாது, உலகத்துக்கே தெரியாது.”

உலகத்துக்கே தெரியாது! தெரியாத ஒன்று இவ்வளவு பெரிதாக, தன் காலுக்கு நேர் கீழே இருக்கிறது என்ற செய்தியைத் தாங்கிக்கொண்டு பஞ்சாட்சரம் தெருவுக்கு வந்தபோது, ஆம்பூர் மண்ணை மெல்ல மிதித்து நடந்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

புதன்கிழமை வந்தது. அதிகாரி ஜீப்பில் வந்தார். கையில் சொந்தத் தண்ணீர்க் குடுவை இருந்தது. பனஞ்சேரியில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் படியேறியவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள். வாங்காமல் பேசத் தொடங்கினால் சண்டைக்கு வந்திருப்பதாக அர்த்தம். ஜெயம்மாள் கிணற்றில் இறைத்த தண்ணீரை இரண்டு சொம்புகளில் கொண்டுவந்து நீட்டினார். ஒன்றை அதிகாரியிடம், ஒன்றை மேனேஜரிடம்.

அதிகாரி சண்டைக்கு வரவில்லை. ஆகவே ஒரு வாய் குடித்தார். அப்புறம் தன் குடுவையைத் திறந்தார்.

“நீங்களும் குடிங்க சார்,” என்றார் ஜெயம்மாள் மேனேஜரைப் பார்த்து. “கடலாம். அத்தினி தூரத்துலேர்ந்து வந்திருக்குது, பாவம்.”

சீனிவாசன் சொம்பை வாங்கி, உதட்டில் வைத்து, கம்பெனியின் மானத்துக்காக ஒரு மிடறு விழுங்கினார். முகம் மாறாமல் பார்த்துக்கொள்வதற்கு அவர் பட்ட பாட்டை ஊர் முழுவதும் நின்று ரசித்தது.

“சார்,” என்றார் அதிகாரியிடம், குரலைச் சரிசெய்துகொண்டு. “இந்த உப்புக்குக் காரணம் இயற்கை. இவரு நம்ம தொழிலாளி. அந்தம்மாவோட சொந்தத் தம்பி. இவரே சொல்றாரு, கேளுங்க.”

பஞ்சாட்சரம் முன்னால் வந்தார். சட்டைப் பித்தான் கழுத்து வரை போட்டிருந்தார். தொடங்கினார்.

“சார், கடலோட தரை சும்மா இல்ல சார். நவுருது. நவுந்து, பூமிக்கு அடியில பூந்துடுது.”

மேனேஜர் தலையாட்டினார்.

“உள்ள பூரும்போது தண்ணியயும் இஸ்துக்கினு போவுது சார். கல்லு உடம்புலயே வெச்சிக்கினு!”

மேனேஜர் அதிகாரியைப் பார்த்துப் புன்னகை செய்தார். ஜெயம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சொம்பைப் பிடித்திருந்தார்.

“கீழ சூட்டுல அந்தக் கல்லு தண்ணிய வுடும் சார். தண்ணி பட்டதும் மேல இருக்கிற கல்லு உருவும். நெனச்சிப் பாருங்க சார், தண்ணி பட்டா நெருப்பு அணையும்னுதான் நாம நெனச்சிக்கினு இருக்கோம். அங்க தண்ணி பட்டாத்தான் நெருப்பே கெளம்புது! எரிமலையா வெடிச்சி, ஆவியாப் போயி, மழையா கொட்டி, திரும்பக் கடலுக்கே வந்துடுது. ஒரு சுத்து சுத்தி வர கோடிக் கணக்குல வருஷம் ஆவுது சார்!”

“கோடி வருஷமா?” என்றார் அதிகாரி.

“ஆமா சார்!” பஞ்சாட்சரம் இரண்டு கைகளையும் விரித்தார். “கோடி!”

சீனிவாசனின் புன்னகை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. “பஞ்சாட்சரம், அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கடலு உப்பு கெணத்துக்கு வர்றதச் சொல்லு.”

  நாற்காலி பஞ்சாட்சரத்தின் கண்முன் வந்து போனது. அதை மறைக்க இந்த மனிதர் முயலவில்லை, நமக்கும் மறைக்கக் காரணமில்லை. எதிரே அக்கா தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஆனால் அக்காவின் பார்வையைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. கண்டங்களுக்கு அடியில் இறங்கி, கல்லை உருக்கி, மலையைப் பிளந்துகொண்டு வெளியே வரும் அந்த மகத்தான தண்ணீரை, பாதி வழியில் திருப்பி, பனஞ்சேரியில் ஒரு வேலியோரக் கிணற்றுக்குள் தள்ள அவருக்கு மனம் வரவில்லை. அது அவமரியாதை.

“அது இங்க வராது சார்.”

“என்னய்யா சொல்ற? நீதானே…”

“தப்பா சொல்ட்டேன் சார். பாதிதான் கேட்டேன் அன்னிக்கி. அதுக்கு இங்க வழி கெடையாது. எரிமல வேணும்.”

அதிகாரி அவரையே பார்த்தார். “அப்ப இந்த உப்பு எங்கேயிருந்து வருது?”

“இது நம்ம உப்பு சார். தோலுக்குத் தடவி லாரியில வருது. உதறி வெளியில குமிச்சிப் போடுறோம், மழ கரைச்சிக்கினு போவுது. மிச்சம் ஊறவெச்ச தண்ணியோட வாய்க்கால்ல போவுது. அதோ, அந்த வேலிக்கு அந்தப் பக்கம். கோடி வருஷம்லாம் ஆவாது சார், ஒரு மழக்காலம் போதும்.”

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். டீக்கடையில் அச்சிட முடியாததைச் சொன்ன அதே வாய் “எங்க பசிபிக்கு!” என்று கத்தியது. அதிகாரி வேலிப் பக்கம் நடந்தார். ஊர் மொத்தமும் பின்னால் ஓடியது. சீனிவாசன் மட்டும் கிணற்றடியில் நின்று, வாயிலிருந்த கரிப்பைத் துப்பினார்.

அன்று மாலையே நாற்காலி கணக்கு எழுதுகிறவரின் அறைக்குத் திரும்பியது. பஞ்சாட்சரம் பிழியும் மிஷினிலிருந்து உப்பு உதறும் கொட்டகைக்கு மாற்றப்பட்டார். வேலையிலிருந்தே எடுத்திருப்பார்கள். ஆனால் அதிகாரியின் உத்தரவில் உப்பு முழுவதையும் கூரைக்கடியில் சேர்க்கவேண்டும், ஒரு குவியலும் வெளியே கிடக்கக்கூடாது என்று வந்துவிட்டது. அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது. கை எரியும் அந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை.

சீனிவாசன் இதைத் தண்டனை என்று எண்ணினார். பஞ்சாட்சரம் இதை உத்தியோக உயர்வாக எடுத்துக்கொண்டார். உதறிய உப்பைப் பெருக்குவார், கூட்டுவார், வாசலில் சிந்தியதைக் குனிந்து விரலால் பொறுக்குவார். லாரிக்காரர்கள் தார்ப்பாயை அலட்சியமாக உதறினால் சண்டைக்குப் போவார்.

“யோவ், அது போயி எங்கக்கா கெணத்துல எறங்கும்யா!”

“உங்கக்கா கெணத்துல கடல்தான இருக்குது?” என்பார்கள்.

“அது போன வருஷம்!” என்பார், துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு.

குழாய் போட நாளாயிற்று, போட்டார்கள். வாய்க்காலுக்கு சிமெண்டு வந்தது. தென்னைகளில் இரண்டு பட்டுப்போயின, மற்றவை எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவு செய்யாமல் நின்றன. கிணற்றை யாரும் தொடவில்லை. மேலிருந்து வரும் மழை கழுவினால்தான் உண்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார், அதுவும் சீக்கிரம் நடக்காது என்றும்.

1985-இல் நல்ல மழை. ஐப்பசி முடியும் சமயம், ஒரு காலை, ஜெயம்மாள் கிணற்றில் வாளியை விட்டு இறைத்து, கையில் அள்ளி ஒரு வாய் குடித்தார். குடித்துவிட்டு நின்றார். இன்னொரு வாய் குடித்தார். அப்புறம் கொட்டகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டார்.

“டேய், இங்க வந்து இத்த குடிச்சிப் பாரு.”

பஞ்சாட்சரம் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். கண்ணை மூடி மறுபடி குடித்தார்.

“கரிக்குதுக்கா.”

“கரிக்குதுதான். ஆனா கம்மி.”

“கம்மியா?” வாளியைப் பிடுங்கி மடமடவென்று குடித்தார், சட்டை நனைய. “ஆமாக்கா! கம்மி! கம்மிக்கா!”

“எல்லாத்தையும் நீயே குடிச்சிடாத,” என்றார் ஜெயம்மாள், வாளியைத் திரும்ப வாங்கி. “தென்னைக்கு ஊத்தணும்.”